தலையணை ஹோட்டல் திறக்கும் தேதி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

இல்லை, அந்த ஹோட்டல்கள் எதையும் நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. இன்னும் கட்டவே இல்லை.

எங்கள் பத்திரிகையைத் தேடிப்பிடித்துப் படித்ததற்கு நன்றி. நீ நலம் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன். எனக்கு இருமல் விட்டுவிட்டது.

பயணம் பற்றிய மாத இதழில் வேலை என்றால் பயணம் போகலாம் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். மூன்றாவது மாடி. ஜன்னல் இல்லாத அறை. எனக்கென்று இரண்டு பக்கங்கள்: ‘திறந்தவையும் திறக்க இருப்பவையும்’. உலகமே விடுமுறைக்குப் போகும் அந்தக் கடற்கரை ஊரில் இந்த வருடம் மட்டும் பதினொரு புதிய ஹோட்டல்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் என் மேஜைக்கு ஒரு தாள் வரும், ஒரு படம் வரும். தாளில் பெயரடைகள். அவற்றை நான் வெட்டுவேன். ஆசிரியர் திரும்ப ஒட்டுவார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் திறப்புவிழா. இதற்காகத்தான் முதுகலை படித்தேன்.

ஒரு ஹோட்டலில் ஏழு நீச்சல்குளங்கள். எதிரே கடல் இருக்கிறது, போதவில்லை. இன்னொன்றில் யாரும் பேசக்கூடாது. மௌனத்துக்குத் தனிக் கட்டணம். நம் வீட்டில் அப்பா இதை இலவசமாகவே நடத்தினார்.

படங்கள் கணினியில் வரைந்தவை. பால்கனியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் கடலைப் பார்த்து நிற்பாள். ஆறு ஹோட்டல்களின் படத்திலும் அதே பெண், அதே தொப்பி. ஆறு பால்கனியிலும் ஒரே நேரத்தில் நிற்கிறாள், பாவம். நான் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

வாலு

பிப்ரவரி 24

அன்பு வாலு,

நான் நலம். இருமல் விட்டது நிம்மதி. ஆனாலும் ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே.

உன் கடிதத்தை அவர்தான் முதலில் படித்தார். ‘நல்லாத்தான் எழுதறா, அடக்கம்தான் இல்ல’ என்றார். இரண்டு இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். ஒன்று அப்பாவைப் பற்றிய வரி. தலைமையாசிரியர் கை, சும்மா இருக்காது. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனிமேல் கடிதத்தை வீட்டுக்குப் போட வேண்டாம். எங்கள் தெருமுனைத் தையல்கடை முகவரியை உறையில் எழுதியிருக்கிறேன், அங்கே போடு. தையல்கார அக்கா வாங்கி வைப்பார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே பட்டன் கட்டப் போகிறேன். போனில் பேசு என்று சொல்லாதே. போன் அவரிடம் இருக்கிறது. சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்கிறாராம்.

நீ எழுதிய அந்தத் தொப்பிக்காரி, எல்லாப் படத்திலும் தனியாகத்தான் இருக்கிறாளா? ஒரு பெண் தனியாகப் போய் அறை கேட்டால் கொடுப்பார்களா? கூட யார் வருகிறார்கள் என்று கேட்க மாட்டார்களா? சும்மாதான் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம்தானே. நானும் நலம், தூக்கம் குறைவு என்பதைத் தவிர.

தொப்பிக்காரி மேல் உனக்கு இத்தனை அக்கறையா. அலுவலகத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கால்களே வரையப்படவில்லை, அக்கா. பால்கனிச் சுவர் மறைக்கிறது, அதனால் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

இந்த மாதத்து அதிசயம் தலையணை ஹோட்டல். நூற்று நாற்பது அறைகள், ஒன்பது வகைத் தலையணைகள். படுக்கப் போகும்முன் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். முடிவெடுக்கத் திணறுபவர்களுக்குத் தலையணை ஆலோசகர் ஒருவர் இருப்பார். இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாமல் நான் இலக்கியம் படித்துவிட்டேன்.

அறைகளைப் பராமரிக்க அறுபது பெண்கள் வேண்டுமாம். அனுபவம் தேவையில்லை, புன்னகை போதும் என்று தாளில் இருந்தது. வெட்டினேன். திறப்புவிழா ஒட்டிவிட்டார். அந்த அறுபது பேரும் தங்குவதற்குப் பின்பக்கம் தனிக் கட்டிடம். அதன் படத்தில் தொப்பிக்காரி இல்லை.

எப்போது திறக்கிறார்கள் என்பதற்கு ‘விரைவில்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். திறப்புவிழாவுக்கு விரைவில் பிடிக்காது. ‘விரைவில்ங்கிற தேதிக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?’ என்பார். ஆகவே ஆகஸ்ட் 14. தேதியைக் கவனித்தாயா? உன் பிறந்தநாள்.

இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

ஏப்ரல் 2

அன்பு வாலு,

இதழ் வந்தது. நான் நலமாக இருக்கிறேன். நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

தலையணை ஹோட்டலைத் தையல்கார அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு தலையணை போதும். ஆகஸ்ட் 14 அன்று நாற்பத்திரண்டு முடிகிறது. நீ மறக்கவில்லை.

அந்தப் பெண்கள் தங்கும் கட்டிடத்தைப் பற்றி நீ இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாய். ஒரு அறைக்கு எத்தனை பேர்? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா? நாற்பதைத் தாண்டியவர்களை எடுப்பார்களா? தையல்கார அக்காவுக்குத் தெரிந்த ஒருத்திக்காகக் கேட்கிறேன்.

இங்கே வண்ணம் அடித்தபோது உள்கதவுத் தாழ்ப்பாள்களை அவர் கழற்றினார், உனக்குச் சொன்னேனோ என்னவோ. இரண்டு வருடம் ஆகிறது. திரும்பப் பொருத்தவில்லை. குளியலறையிலும் இல்லை. ‘ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல தாழ்ப்பாள் எதுக்கு, யார்கிட்ட ஒளிக்கப்போறே’ என்கிறார். குளிக்கும்போது வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன். பழகிவிட்டது.

பதில் எழுது. அவசரமில்லை.

அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குத் திட்டாதே. நலம்தான். இதழுக்கு ஆண்டு மலர் வந்து என்னைத் தின்றுவிட்டது.

ஒரு தாழ்ப்பாளுக்கு இரண்டு வருடமா? அத்தானை அந்தக் கடற்கரைச் சாலைக்கு அனுப்பி வை. முதலாளிகள் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். அவர் வேகத்தில்தான் அங்கே எல்லாமே நடக்கிறது. ஏழு குளத்து ஹோட்டலில் முதல் குளம் வெடித்துத் தண்ணீர் கீழ்த்தளத்தில் நிற்கிறதாம். ‘தரைக்கடியில் ஒரு ஏரி’ என்று புதிய தாள் அனுப்பியிருக்கிறார்கள். மௌன ஹோட்டலில் கட்டுமானச் சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நான் அழகாக எழுதுகிறேன். என் கைக்கு எதுவும் ஒட்டுவதில்லை. சில நாள் அது பெருமையாக இருக்கிறது, சில நாள் கை கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

உன் தோழியின் தோழிக்கு என் ஆலோசனை இலவசம். நாற்பது வயதில் போய் யார் யாருடைய படுக்கையையோ விரிப்பதற்கு வீட்டிலேயே விரிக்கலாம். அந்தத் தாளில் கேட்கும் புன்னகையாவது மிச்சமாகும்.

வெயிலில் அலையாதே. தண்ணீர் குடி.

வாலு

ஜூன் 18

அன்பு வாலு,

நலம். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கட்டைவிரல் கதவில் மாட்டிக்கொண்டது. நான் சாத்தினேன், அவர் திறந்தார்.

நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். வீட்டிலேயே விரித்துப் பார்த்தாயிற்று, இருபது வருடம் என்கிறாள்.

தேதி மாறவில்லையே? அதை மட்டும் எழுது.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

விரல் எப்படி இருக்கிறது? மஞ்சள் மருந்து ஏதாவது போட்டாயா? தையல்கடையில் ஊசியைக் கொஞ்ச நாள் மற்றவர்களிடம் விடு.

தேதி மாறவில்லை. அச்சில் வந்த தேதி எப்படி மாறும்? உன் ஆளைத் தைரியமாக இருக்கச் சொல்.

பிறந்தநாளுக்கு நீ இங்கே வரலாம் என்று எழுத ஆசைதான். ஆனால் என் விடுதியில் விருந்தாளி ராத்தங்கக் கூடாது. என் கட்டிலில் நான் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்கே இடம். அதனால் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவும். கனமான புத்தகம்.

சிரித்தாயா?

வாலு

ஆகஸ்ட் 18

அன்புள்ள மைத்துனிக்கு,

நான் நலம். உன் உடல்நலமும் பணியும் சிறக்க வாழ்த்துகள்.

உன் அக்கா பதினான்காம் தேதி காலை பால் வாங்கச் சென்றாள். இன்று பதினெட்டு. அவளுடைய பழைய பச்சைப் பை வீட்டில் இல்லை. பால் பாத்திரம் அலம்பிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

அவள் உன்னிடம் இருந்தால், பிடிவாதம் தணிந்ததும் அனுப்பி வைக்கவும். இல்லையென்றால் இது வெளியே தெரிய வேண்டிய விஷயம் அல்ல. அடுத்த வாரம் பள்ளியில் ஆய்வு இருக்கிறது. கேட்பவர்களிடம் அவள் உன்னைப் பார்க்க வந்திருப்பதாகவே சொல்லி வருகிறேன்.

தையல்கடைக்காரி தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். என்னைப் பார்த்தும் அவள் மெஷினை நிறுத்தவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அவள் தலையணைக்கு அடியில் உன் பத்திரிகையின் மார்ச் இதழ் இருந்தது. ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை உடனே தெரிவிக்கவும்.

உன் பழைய கடிதம் ஒன்றை இத்துடன் திருத்தி அனுப்பியுள்ளேன். பயன்படும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

ஆகஸ்ட் 22

மதிப்பிற்குரிய அத்தானுக்கு வணக்கம்.

நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள்.

அக்கா இங்கே இல்லை. அந்தத் தாளில் நான் ஒரு மலைவாச ஊரைப் பற்றி எழுதியிருந்தேன். பனிமூட்டம், தேயிலை, பன்னிரண்டு புதிய ஹோட்டல்கள். எல்லாமே தனித்தனி மலைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக நேரில் போய் விசாரிப்பது நல்லது, தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். கம்பளி எடுத்துச் செல்லவும்.

திருத்தங்களுக்கு நன்றி.

தங்கள் மைத்துனி

ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்கா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். உறைமேல் ‘காவலாளி, தலையணை ஹோட்டல் கட்டும் இடம், கடற்கரைச் சாலை’ என்று எழுதப்போகிறேன். வேறு முகவரி எனக்குத் தெரியவில்லை. நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

அந்தத் தேதியை நான்தான் போட்டேன். யாரும் சொல்லவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தாள்களில் தேதி இல்லாவிட்டால் எங்கள் மேஜையில் நாங்களே போட்டுக்கொள்வோம், அடுத்த இதழில் தள்ளிவைப்போம். ஒருவரும் கேட்டதில்லை. உன் பிறந்தநாளைப் போட்டது ஒரு விளையாட்டு. உனக்குப் பரிசு என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு நீ அங்கே போய் நிற்பாய் என்று.

இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

உன் கடிதங்களைத் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். பிப்ரவரியிலிருந்து ஏழு கேள்வி கேட்டிருக்கிறாய். ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன். அது பொய். மற்ற ஆறையும் நான் கிண்டல் செய்திருக்கிறேன், அல்லது தாண்டிப் போயிருக்கிறேன். வாளியை, விரலை, புத்தகத்தை. புத்தகத்தைப் பற்றிய அந்த வரியை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. ஹோட்டல்காரர்களைவிட நான் மேல் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதத்துப் பக்கத்தில் ஒன்பது ஹோட்டல்களுக்கு எதிரே ‘தேதி தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். திறப்புவிழா அடித்துவிட்டார். மறுபடி எழுதிக் கொடுத்தேன். ‘உனக்கு என்னம்மா ஆச்சு?’ என்றார். மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்தேன்.

அத்தான் மலைக்குப் போயிருப்பார். அந்தத் தாளில் மலை ஊர்தான் இருந்தது, கம்பளி எடுத்துச் செல்லவும் என்று எழுதி அனுப்பியது நான்தான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது.

வாலு

செப்டம்பர் 5

அன்பு வாலு,

நான் நலம். இந்த முறை நிஜமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார், சிமெண்டுக் கையோடு. என் பெயர் உறையில் இல்லை, ஆனால் பிரித்து முதல் வரியைப் பார்த்ததும் யாருக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

பதினான்காம் தேதி மத்தியானம் வந்து இறங்கினேன். எட்டு மணி நேரப் பேருந்து. சாலையோரம் தகர வேலி, வேலியில் பெரிய படம், படத்தில் உன் தொப்பிக்காரி. வேலிக்குப் பின்னால் ஒரு குழி. குழியில் பச்சைத் தண்ணீர். ஹோட்டல் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். ‘இதாம்மா ஹோட்டல். பாத்து நில்லு, வழுக்கும்’ என்றார். உன் தாளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

‘எவனோ நல்லாப் படிச்சவன் எழுதியிருக்கான். பொய்யிலகூடப் பிசிறு இல்ல.’

‘என் தங்கச்சிதான் எழுதினா.’

‘அப்ப அவளையே வந்து இந்தக் குழியில படுக்கச் சொல்லு. ஒம்பது தலையணையும் நான் தர்றேன்.’

நான் சிரித்துவிட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு வேலியில் சாய்ந்து அழுகிற மாதிரி சிரித்தேன். அவர் பயந்துபோய்த் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

நீ எதையும் மறைக்கவில்லை, வாலு. பேருந்தில் உன் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். விரைவில் பிடிக்காது, ஆகவே ஆகஸ்ட் 14 என்றுதான் எழுதியிருந்தாய். சொல்லித்தான் இருக்கிறாய். எனக்கு வேண்டியதை மட்டும் நான் படித்திருக்கிறேன். பாதி வழியில் அது தெரிந்தது. இறங்கித் திரும்பவில்லை. குழியாக இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. தேதிக்காக இல்லை. நீ நன்றாக எழுதுகிறாய், எழுதும்போது உனக்குக் காது கேட்பதில்லை.

காவலாளிதான் சலவைக்கூடத்துக்கு வழி காட்டினார். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு பின்னால். திறந்துவிட்ட ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் இங்கேதான் வருகிறது. நடத்துவது ஒரு பருத்த அம்மாள், பேச்சு முழுக்க அதட்டல்தான்.

‘கூட யாரு வந்திருக்கா?’

‘யாரும் இல்ல.’

‘வயசு?’

‘இன்னிக்கோட நாப்பத்திரெண்டு.’

‘கை ஏன் இப்படி வீங்கியிருக்கு?’

‘கதவு.’

அவர் என் முகத்தைப் பார்த்தார். ‘நனைக்கிறது வேண்டாம். விரல் சரியாகற வரைக்கும் மடிச்சுக் குடு’ என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆக, கேட்கிறார்கள். பதில் சொன்னால் போதுமாக இருக்கிறது. அந்தத் தொப்பிக்காரிக்கும் இதைச் சொல்.

மூன்று வாரமாக மடிக்கிறேன். ஒரு ஹோட்டலிலிருந்து வரும் துண்டுகளில் வேறு ஏதோ ஹோட்டலின் பெயர் இருக்கிறது. எந்த வகைத் தலையணைக்கும் உறை ஒரே வகைதான், உன் பக்கத்தில் எழுதிக்கொள். அடுத்தவர் படுக்கையை விரிப்பதைப் பற்றி நீ எழுதியிருந்தாய். விரித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடலாம், அதுதான் வித்தியாசம்.

கூடத்துக்கு மேலே மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். நான் ஒருத்திதான். கடல் தெரியாது, சோப்பு வாசனை தெரியும். தையல்கார அக்காவுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். உன் அத்தானை மலைக்கு அனுப்பியதற்கு உன்னைத் திட்ட வேண்டும். கம்பளி என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

விடுமுறை கிடைக்கும்போது வா. எழுதுவதற்கு வராதே. கட்டில் சின்னது, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு பேருக்குப் போதும். இருமல் இல்லாமல் வா.

உன் அக்கா

பி.கு. இந்த அறைக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. நேற்று எழுதி முடித்த பிறகு கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். நாலு திருகாணி. காவலாளியிடம் திருப்புளி இரவல் வாங்கி நானே பொருத்தினேன். போட்டுப் பார்த்தேன். திறந்தேன். மறுபடி போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.